தோழரிடம் கேளுங்கள்: அமெரிக்காவிலும் செங்கொடி பறந்தது

சென்ற இதழில் மே தினத்தைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவைப் பற்றியே கேட்கின்றன. எனவே இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: நான் கோவைப் பஞ்சாலையில் முப்பத்தொரு வருடம் சைடராக (நூற்பு மெஷினைக் கவனிப்பவனாக) வேலை பார்த்தவன், செங்கொடிச் சங்கத்துக்காரன். 2019-ல் ஆறு மாதம் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். இதைத்தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

அமெரிக்கர்கள் இயல்பிலேயே சோசலிசத்துக்கு எதிரானவர்கள், அங்கே அது வேர் பிடிக்கவே இல்லை என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். சரிதானா? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

சரியில்லை அம்மா. வேரே பிடிக்காத செடியைப் பிடுங்க அவ்வளவு சட்டமும் அவ்வளவு சிறையும் எதற்கு?

மே தினமே சிகாகோவில் பிறந்ததுதானே. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே முதல் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 4 அன்று ஹேமார்க்கெட் கூட்டத்தில் குண்டு வெடித்தது. யார் வீசினார்கள் என்பது இன்றுவரை தெரியாது. ஆனாலும் 1887 நவம்பர் 11 அன்று பார்சன்ஸ், ஸ்பைஸ், பிஷர், எங்கல் எனத் தொழிலாளர் தலைவர்கள் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். இதில் பார்சன்ஸ் போலீசிடம் சிக்காமல் வேறு மாநிலத்தில் பத்திரமாக இருந்தவர். தோழர்கள் கூண்டில் நிற்கும்போது தான் மட்டும் வெளியே இருக்கக் கூடாது என்று, விசாரணை தொடங்கிய அன்று தானாகவே நீதிமன்றத்துக்குள் நடந்து வந்தார். அந்த மே தினத்தைத்தான் 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடினார்.

அப்புறம் சோசலிஸ்ட் கட்சித் தலைவர் யூஜின் டெப்ஸ். முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காக அவருக்குப் பத்து வருடச் சிறை. 1920-ல் அட்லாண்டா சிறைக்குள் இருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அந்தக் கைதிக்கு ஓட்டுப் போட்டார்கள். நியூயார்க் மாநகர மன்றத்துக்கு 1941-ல் புரூக்ளினில் இருந்து பீட்டர் கச்சியோனேயும், 1943-ல் ஹார்லத்தில் இருந்து பெஞ்சமின் டேவிஸும் கம்யூனிஸ்டுகளாகவே நின்று ஜெயித்தார்கள். அங்கே அப்போது ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறை இருந்தது. செங்கொடிக்காரர்கள் உள்ளே வருகிறார்கள் என்று பிரசாரம் செய்து 1947-ல் அந்த முறையையே நீக்கிவிட்டார்கள்.

உங்கள் பேராசிரியரிடம் பிளின்ட் நகரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனி வைத்ததுதான் அங்கே சட்டம். 1936 டிசம்பர் 30 அன்று தொழிலாளர்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஆலைக்கு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாம் உள்ளிருப்பு வேலைநிறுத்தம் என்கிறோமே, அதுதான். வெளியே நின்றால் வேறு ஆளை வைத்து ஆலையை ஓட்டிவிடலாம். உள்ளே இருந்தால் மெஷினைத் தொடக்கூட முடியாது. கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும்தான் முன்னால் நின்றார்கள். உடனே ஒரு நீதிபதி காலி செய்யச் சொல்லி உத்தரவு போட்டார். அவர் பேரில் அந்தக் கம்பெனியின் பங்குகள் 3,000-க்கு மேல் இருப்பதைச் சங்கத்துக்காரர்கள் கண்டுபிடித்து வெளியிட்டதும் அந்த உத்தரவு பிசுபிசுத்துப் போனது.

ஜனவரி 11. நல்ல பனிக்காலம். ஒரு ஆலையில் வெப்பமூட்டியை நிறுத்தி, சாப்பாடு உள்ளே போகாமல் தடுத்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. தொழிலாளர்கள் கார் கதவின் இரும்புக் கீல்களை எடுத்து வீசினார்கள், தீயணைப்புக் குழாயைத் திறந்து அந்தக் குளிரில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். துப்பாக்கிச் சூடும் நடந்தது. அப்போது 23 வயதுப் பெண் ஒருவர், ஜெனோரா ஜான்சன், ஒலிபெருக்கி வண்டியில் மைக்கை வாங்கி, ஓரத்தில் நின்ற பெண்களை எல்லாம் ஆண்களோடு வந்து நிற்கும்படி அழைத்தார். ஒவ்வொருவராகப் போலீஸ் வரிசையைத் தாண்டி வந்தார்கள். பிறகு அந்தப் பெண்கள் சிவப்புத் தொப்பி வைத்துக்கொண்டு ஒரு படையாகவே திரண்டார்கள். 44 நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனி சங்கத்தை அங்கீகரித்துக் கையெழுத்துப் போட்டது.

நான் ஸ்டிரைக்கில் கேட் முன்னால் நின்ற இரவுகளில் இந்தக் கதையை இளைய தோழர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். விடிய விடியக் கேட்பார்கள்.

அப்படியென்றால் அந்த இயக்கம் எங்கே போனது? (ஈரோடு வாசகர்)

எல்லோரும் கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய செனட்டர் மெக்கார்த்தி பேரைத்தான் சொல்வார்கள். அவர் 1950-ல் கிளம்பினார், 1954 கடைசியில் செனட்டே அவரைக் கண்டித்தது. கதை அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமை மேல் வழக்குப் போட்டது 1948-ல், ட்ரூமன் என்ற ஜனநாயகக் கட்சி ஜனாதிபதியின் காலத்தில்.

1947-ல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. ட்ரூமன் மறுத்தும் காங்கிரஸ் அதை நிறைவேற்றியது. அதில் ஒரு பிரிவு: சங்க நிர்வாகிகள் ஒவ்வொருவரும் "நான் கம்யூனிஸ்ட் இல்லை" என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் அந்தச் சங்கத்துக்குத் தொழிலுறவு வாரியத்தின் கதவு மூடப்படும். முதலாளி பக்கத்தில் யாரும் எந்தப் பத்திரமும் எழுதித் தர வேண்டியதில்லை. 1949, 50-ல் சி.ஐ.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பே இடதுசாரிச் சங்கங்கள் 11-ஐ வெளியேற்றியது. கிட்டத்தட்ட 10 லட்சம் உறுப்பினர்கள். எனக்கு இதுதான் பெரிய காயம். வெளியே இருந்து அடித்ததைத் தாங்கிக்கொள்ளலாம், நம் வீட்டுக் கதவை நம் ஆட்களே சாத்தியது தாங்க முடியாதது.

ஸ்மித் சட்டம் என்று ஒன்று, 1940-ல் வந்தது. 1949-ல் நியூயார்க்கில் கட்சித் தலைவர்கள் 11 பேரை அதில் தண்டித்தார்கள். குண்டு வைத்ததாகவோ ஆயுதம் பதுக்கியதாகவோ குற்றச்சாட்டு இல்லை. அரசைக் கவிழ்க்கும் கொள்கையைப் போதிக்கக் கூடினார்கள் என்பதுதான் குற்றம். சாட்சியமாக நீதிமன்றத்தில் வாசித்தது மார்க்ஸ், லெனின் புத்தகங்களை.

அந்த 11 பேரில் ஹென்றி வின்ஸ்டன் என்று ஒருவர். மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினத்தவர். சிறையில் அவருக்குத் தலைவலி, தலைசுற்றல், நடக்கும்போது தடுமாற்றம். திரும்பத் திரும்ப முறையிட்டார். ஒழுங்கான வைத்தியம் தரவில்லை. மூளையில் கட்டி என்று கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்த பிறகு பார்வை போய்விட்டது. 1961-ல் கென்னடி விடுவித்தபோது பார்வையற்றவராக வெளியே வந்தார். அப்படியே இருபது வருடம் கட்சியின் தலைவராக வேலை பார்த்து 1986-ல் இறந்தார். நம் கூட்டங்களில், சோவியத்துக்கு உளவு சொன்னதாக மரண தண்டனை பெற்ற ரோசன்பர்க் தம்பதியைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். வின்ஸ்டனையும் பேசுங்கள்.

நீங்களும் பள்ளியில் அமெரிக்கப் பால்பவுடர் குடித்து வளர்ந்தவர்தானே? நன்றி வேண்டாமா? (திருப்பூர் வாசகர்)

குடித்தேன். அறுபதுகளில், கேர் என்ற அமெரிக்க உதவி அமைப்பின் பேர் எழுதிய டின்னில் வரும். பெரிய அண்டாவில் வெந்நீரில் கரைத்து வரிசையில் நிற்க வைத்து ஊற்றுவார்கள். கட்டி கட்டியாக இருக்கும். வீட்டில் பால் என்பதே இல்லாத எங்களுக்கு அது பெரிய விஷயம். அந்த டின்னுக்குப் பணம் கொடுத்த சாதாரண அமெரிக்கக் குடும்பங்களுக்கு என் நன்றி இன்றும் உண்டு.

அன்றைய ஜனாதிபதி ஜான்சனின் அரசுக்கு இல்லை. 1966-ல் பஞ்சம். பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கோதுமைக் கப்பலை நம்பி நாடே காத்திருந்தது. விவசாயக் கொள்கையை மாற்று என்ற நெருக்கடி ஒரு பக்கம், வியட்நாம் குண்டுவீச்சை இந்தியா கண்டித்த கோபம் இன்னொரு பக்கம். மொத்தமாக அனுப்பாமல் மாதா மாதம் அளந்து அளந்து கப்பலை விட்டார் அவர். பசித்த வயிற்றின் கயிறு தன் கையில் இருக்கிறது என்று காட்டினார். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்க என்னால் முடியாது.

கறுப்பின மக்கள் விடுதலையில் கம்யூனிஸ்டுகளுக்குப் பங்கு உண்டா? மார்ட்டின் லூதர் கிங் காந்தியவாதி அல்லவா? (மதுரை வாசகர்)

பங்கு உண்டு, அதைப் பெருமையாகவே சொல்வேன். 1931-ல் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்களைப் பொய்யான பாலியல் வன்முறை வழக்கில் பிடித்தார்கள். சிலர் சிறுவர்கள். சில நாள்களிலேயே விசாரணையை முடித்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை. மற்றவர்கள் தயங்கி நின்றபோது கம்யூனிஸ்டுகளின் சட்ட உதவி அமைப்பு வழக்கைக் கையில் எடுத்தது. 1932-ல் உச்ச நீதிமன்றம், உயிர் போகும் வழக்கில் முறையான வழக்கறிஞர் உதவி இல்லாமல் விசாரித்தது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. கடைசியில் எட்டுப் பேரின் உயிரும் தப்பியது. சிறைவாசம் மட்டும் வருடக்கணக்கில் நீண்டது.

கிங் கம்யூனிஸ்ட் இல்லை. அவரை நம் ஆளாகக் காட்டுவதும் தப்பு. 1959-ல் அவர் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தலைமை ஆசிரியர் அவரை "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர்" என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் சுருக்கென்று இருந்தது, பிறகு யோசித்தபோது அது உண்மைதான் என்று பட்டது எனப் பின்னாளில் கிங் சொன்னார்.

ஆனால் அவர் கடைசியாக எங்கே நின்றார் என்று பாருங்கள். மெம்பிஸ் நகரம், 1968 பிப்ரவரி 1, மழை. குப்பை அள்ளும் தொழிலாளர்கள் இரண்டு பேர், எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர், ஒதுங்க இடம் இல்லாமல் குப்பை லாரியின் பின்பகுதியில் ஏறி நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடி இருவரையும் நசுக்கிக் கொன்றது. அந்த லாரி பழுது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சுமார் 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அட்டையில் வேறு கோரிக்கை எதுவும் கிடையாது. "நான் மனிதன்" என்று மட்டும் இருந்தது. வயதான தொழிலாளியையும் "ஏ பையா" என்று கூப்பிட்ட ஊர் அது. அவர்களுக்காகப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங்கைச் சுட்டார்கள். அடுத்த பன்னிரண்டு நாளில் நகராட்சி சங்கத்தை ஏற்றுக்கொண்டது.

ரீகன் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சங்கம் வீழ்ந்தது என்கிறார்களே, ஒரு ஆள் அப்படிச் செய்ய முடியுமா? (ஐ.டி. ஊழியர், சென்னை)

ஒரு ஆள் தொடங்கி வைக்கலாம். 1981 ஆகஸ்ட் 3 அன்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை நேரத்தைக் குறை, சம்பளத்தைக் கூட்டு என்று கேட்டார்கள். ஜனாதிபதி ரீகன் 48 மணி நேரம் கெடு கொடுத்தார். ஆகஸ்ட் 5 அன்று 11,345 பேரை ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கினார். மத்திய அரசுப் பணிக்குத் திரும்பவே கூடாது என்று தடையும் போட்டார். முந்திய வருடத் தேர்தலில் அந்தச் சங்கம் ஆதரித்தது ரீகனைத்தான். அவரும் ஒரு காலத்தில் நடிகர் சங்கத் தலைவர். 2003 ஜூலையில் இங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே நாளில் நீக்கியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அன்று எனக்கு இந்த 1981-தான் நினைவுக்கு வந்தது. இங்கே பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். அங்கே வரவில்லை.

அதைப் பார்த்துத் தனியார் முதலாளிகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. வேலைநிறுத்தம் செய்தால் ஆளை மாற்று, சங்கம் வைத்தால் ஆலையைத் தெற்கே கொண்டு போ, அப்புறம் மெக்சிகோவுக்குக் கொண்டு போ. ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட வேலைநிறுத்தங்கள் 1970-களில் ஒவ்வொரு வருடமும் 200-க்கு மேல் நடந்தன. 2009-ல் நடந்தது 5. ஐம்பதுகளின் நடுவில் மூன்றில் ஒரு தொழிலாளி சங்கத்தில் இருந்தார். 2023-ல் பத்தில் ஒருவர். மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் மணிக்கு 7.25 டாலர் ஆனது. அதன்பிறகு ஏறவில்லை.

அதே 2023-ல் கார் தொழிலாளர்கள் மூன்று பெரிய கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்து, நாலரை வருட ஒப்பந்தத்தில் 25 சதவீத உயர்வு வாங்கினார்கள். பிளின்ட்டில் உட்கார்ந்தார்களே, அதே சங்கம்தான். செய்தியைப் படித்த அன்று பேத்தியைக் கூப்பிட்டு உலக வரைபடத்தில் மிச்சிகனைக் காட்டினேன்.

நேரில் போய்ப் பார்த்தீர்களே, உங்களை அதிகம் பாதித்தது எது? (தூத்துக்குடி வாசகர்)

இன்சுலின்.

எனக்குச் சர்க்கரை உண்டு. கோவையில் இருந்து ஆறு மாதத்துக்கான இன்சுலின் பாட்டில்களை ஐஸ் பை வைத்த பிளாஸ்க்கில் கொண்டு போயிருந்தேன். மகள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர். பள்ளிப் பேருந்து ஓட்டியவர், வெள்ளைக்காரர், அறுபதைத் தாண்டியவர். மாலையில் இருவரும் நடப்போம். என் இங்கிலீஷ் அரைகுறை, அவர் பொறுமையானவர். ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது குளிர்பதனப் பெட்டியில் பாட்டில்களைப் பார்த்துவிட்டு என்ன விலை என்று கேட்டார். 150 ரூபாய் சொச்சம், உங்கள் கணக்கில் இரண்டு டாலர் சில்லறை என்றேன். அவர் அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, லேபிளைப் படித்தார். வெகுநேரம் வைக்கவே இல்லை. தன்னுடையது ஒரு பாட்டில் 270 டாலருக்கு மேல் என்றார். அவருடையது வேறு வகை இன்சுலின்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை விட்டதோடு காப்பீடும் போய்விட்டது, அரசின் முதியோர் காப்பீட்டுக்கு 65 வயது ஆக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை தள்ள வேண்டும் என்று அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கால் விரல் மரத்துப் போயிருப்பதையும் அன்றுதான் சொன்னார்.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அந்தக் காப்புரிமையை 1923-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். அதை வைத்துக் கொள்ளை அடிக்கக் கூடாது என்றுதான் கொடுத்தார்கள். 2022-ல் சட்டம் போட்டு முதியோர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு மாதம் 35 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்தப் பெரியவருக்கு அது எட்டியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டும் ஒன்றுதானே? (கும்பகோணம் வாசகர்)

ஒன்று என்று சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும், உண்மை கிடைக்காது. அலபாமாவில் ஓட்டுப் போடப் போகும் கறுப்பினப் பெண்ணுக்கு இரண்டும் ஒன்றல்ல. 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1965-ன் முதியோர் மருத்துவக் காப்பீடும் ஜனநாயகக் கட்சி ஆட்சியில்தான் வந்தன. தெருவில் கூட்டம் நின்றதால் வந்தன.

பெரிய மூலதனம், போர் என்று வரும்போது கோடு அழிந்துவிடுகிறது. வங்கிகளுக்கு 1933-ல் போட்ட கட்டுப்பாட்டை 1999-ல் நீக்கிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி கிளிண்டன். ஒன்பது வருடத்தில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி விழுந்தபோது 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்துக்கு இரு கட்சியும் கை தூக்கின. வீட்டுக்கடன் கட்ட முடியாமல் தெருவுக்கு வந்த குடும்பங்களுக்கு அந்த வேகத்தில் யாரும் ஓடிவரவில்லை. இராக் போருக்கு 2002-ல் செனட்டில் ஓட்டெடுத்தபோது ஜனநாயகக் கட்சியினர் 50 பேரில் 29 பேர் ஆதரவு.

உங்கள் கட்சி அங்கே தப்பே செய்யவில்லையா? நேர்மையாகச் சொல்லுங்கள். (பட்டுக்கோட்டை வாசகர்)

செய்தது. 1939 ஆகஸ்டில் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் போட்டதும், அதுவரை பாசிச எதிர்ப்பைப் பேசிய கட்சி சில வாரங்களில் பேச்சை மாற்றியது. நம்பி வந்த யூதத் தொழிலாளர்கள் எவ்வளவு பேர் அன்று மனம் உடைந்திருப்பார்கள். 1941-ல் மினியாபோலிசில், ஸ்டாலினை எதிர்த்த இடதுசாரிகளான டிராட்ஸ்கியவாதிகளை ஸ்மித் சட்டத்தில் தண்டித்தபோது கட்சி அதை ஆதரித்தது. ஏழே வருடத்தில் அதே சட்டம் நம் வாசலுக்கு வந்தது. 1942-ல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தபோது, கட்சி எதிர்க்கவில்லை. தன் ஜப்பானிய வம்சாவளி உறுப்பினர்களையே இடைநீக்கம் செய்தது. எனக்கு இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. கூடவே இருந்து துண்டறிக்கை கொடுத்த தோழனிடம் "நீ இனி வராதே" என்று சொன்னவர்கள் எந்த முகத்தோடு சொன்னார்கள்?

1956-ல், ஸ்டாலின் காலக் கொடுமைகளைச் சொன்ன சோவியத் தலைவர் குருஷேவின் உரை வெளியானதும் மிச்சம் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் வெளியேறினார்கள். எல்லாவற்றையும் எஃப்.பி.ஐ. தலையில் போட நான் தயாராக இல்லை.

என் மகன் அமெரிக்கக் குடிமகன். நான் பழைய கட்சி உறுப்பினர். விசா கிடைக்குமா? (நாகர்கோவில் வாசகர்)

சுற்றுலா விசாவுக்குத் தடை இல்லை. கட்சி உறுப்பினர் என்பதற்காக அதை மறுக்கும் பிரிவை 1990-ல் எடுத்துவிட்டார்கள். நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பித்தால்தான் கேள்வி வரும். 1952-ல் போட்ட சட்டத்தின் மிச்சம் அது. குடியுரிமை விண்ணப்பத்திலும் எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தீர்களா என்று இன்றும் கேட்கிறார்கள். விலகிச் சில வருடங்கள் ஆனவர்களுக்கும், பிள்ளைகள் அந்த நாட்டுக் குடிமக்களாக இருக்கும் பெற்றோருக்கும் விதிவிலக்குக் கேட்க வழி உண்டு. மறைத்து எழுத வேண்டாம், நல்ல வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நான் போனது சுற்றுலா விசாவில். படிவத்தில், எந்தெந்த அமைப்புகளில் இருந்தீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. கட்சியையும் சங்கத்தையும் எழுதினேன். மகளுக்குத்தான் பயம். சென்னையில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர், அது என்ன சங்கம் என்று கேட்டார். பஞ்சாலைத் தொழிலாளர் சங்கம் என்றேன். எத்தனை வருடம் என்றார். முப்பத்தொன்று. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார், விசா வந்தது. மகள் குடியுரிமை வாங்கிய பிறகு அங்கேயே வந்துவிடச் சொல்கிறாள். அதற்குக் கட்சி அட்டையை விட வேண்டியிருக்குமோ என்று விசாரித்தோம். இந்த வருடமும் அட்டையைப் புதுப்பித்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளைப் பார்க்க அந்தச் சுற்றுலா விசா போதும்.